அவர் லாரியை விட்டு இறங்கவில்லை

2004-ஆம் வருஷம், ஆவணி மாதம். அப்போது நாங்கள் சின்னமனூரில் ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டைவிட வாசல் பெரிது. லாரி நிறுத்த இடம் இருக்கிறது என்பதற்காகவே என் வீட்டுக்காரர் அதைப் பிடித்தார். மழை பெய்தால் ஒழுகும் என்பதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை.

லாரி அவருக்கும் அவர் தம்பிக்கும் பொது. வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு, குமுளி மலை ஏறி, கோட்டயம் போய் வரும். இரண்டு குடும்பமும் அதை நம்பித்தான் சாப்பிட்டது. ஒரே குறை, லோடோடு மலை ஏறும்போது இழுவை பத்தாது. கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்து போகும். பின்னால் வருகிறவனெல்லாம் திட்டுவான். இன்டர்கூலர் மாட்டினால் சரியாகிவிடும் என்று யாரோ டிரைவர்கள் சொல்லிவிட்டார்கள். எஞ்சினுக்குள் போகிற சூடான காற்றை ஆற வைத்து அனுப்புகிற சாமான் அது. பார்க்க ரேடியேட்டர் மாதிரியே இருக்கும். அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தாலும் எங்கள் வீட்டில் அதே பேச்சுதான்.

மதுரையில் பழைய லாரிகளைப் பிரித்து விற்கிற இடத்தில் ஒன்றை வாங்கி வந்தார்கள். ஒர்க் ஷாப்பில் விட்டால் வண்டி எத்தனை நாள் நிற்குமோ, நாமே மாட்டிக்கொள்ளலாம் என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். கழுவுகிற வேலை என் தலையில் விழுந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது என்று கொழுந்தன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அதனால் அதன் இரண்டு வாயையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன்.

கட்டும்போது வாய்க்குள் கறுப்பாக எண்ணெய் மினுங்கியதைப் பார்த்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய சொந்தக்காரன் நன்றாக எண்ணெய் விட்டுப் பராமரித்திருக்கிறான் என்று அவர் சந்தோஷப்பட்டார். தையல் மிஷினுக்கு நான் எண்ணெய் விடுவதில்லையா, இதுவும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன். பழைய குக்கர் வாங்கினால் உள்ளே நன்றாக விளக்காமல் அடுப்பில் வைக்க மாட்டேன். இதை வெளியே மட்டும் பளபளவென்று ஆக்கி, சந்தனப் பொட்டு வைத்துக் கொடுத்தேன். அவர்கள் வெல்டிங்காரரை வரவழைத்து, முன்பக்கக் கம்பியை அறுத்து, பட்டை வைத்துப் பற்றவைத்து, ரப்பர் குழாய்களைச் சொருகி, ஒரு வழியாக மாட்டி முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பூஜை. தேங்காய், பழம், சூடம் எல்லாம் ஒரு மணைப்பலகையில் வைத்து லாரியின் இடது பக்கமாக எடுத்துக்கொண்டு போனேன். அக்கம்பக்கத்துச் சனமும் வந்திருந்தது. வண்டி தெருவைப் பார்த்து நின்றது. எங்கள் வாசல் தெருப் பக்கமாகச் சரிவு. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்ததால், முன் சக்கரங்களுக்கு எப்போதும் பெரிய கல் அண்டக் கொடுத்திருக்கும். அன்று அவர் ஏறி பிரேக்கில் கால் வைத்ததும், எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று அந்தக் கற்களை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள்.

சூடம் காட்டி முடித்ததும் அவர் ஸ்டார்ட் பண்ணினார். நன்றாகத்தான் ஓடியது. குழாய் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க இன்னொரு காலால் ஆக்சிலேட்டரை மிதித்தார். மிதித்த காலை எடுத்த பிறகும் எஞ்சின் வேகம் இறங்கவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. சாவியைத் திருப்பினார், எஞ்சினை அணைக்கிற ஸ்டாப் வயரை இழுத்தார், ஒன்றுக்கும் அசையவில்லை. வெள்ளைப் புகை வாசலை மூடியது. காற்று தெருப் பக்கம் அடித்ததால் லாரியின் முன்பக்கமே தெரியவில்லை. பூஜைக்கு வந்த சனம் வெடிக்கப் போகிறது என்று தெருவுக்கு ஓடியது. கொழுந்தனும் ஓடிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

இவர் மட்டும் இறங்கவில்லை. இடது பக்க ஜன்னல் வழியாக எனக்கு அவர் முகம் தெரிந்தது. இறங்குங்கள் என்று கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையைக் காட்டிக் கூப்பிட்டேன், இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் மாமியார் இடுப்பில் இருந்த என் மகனை இழுத்து, அவர் பார்க்கும்படி அவன் உச்சந்தலையில் என் கையை வைத்தேன். எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு ஆணை கிடையாது. அவர் நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினார்.

எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். பெண்டாட்டி பிள்ளையைவிட இந்த இரும்புதான் பெரிதாகப் போய்விட்டது என்று வயிறு எரிந்தது. பிள்ளையை மாமியாரிடம் கொடுத்து வெளியே துரத்தினேன்.

கடமலைக்குண்டில் எங்கள் அப்பாவின் கிணற்றில் ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. அதை நிறுத்துகிற கைப்பிடி ஒடிந்து வருஷக்கணக்காகிறது. தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் காற்று இழுக்கிற வாயில் ஒரு கட்டையை வைத்து அடைப்போம். மூச்சு முட்டினால் அதுவாக நின்றுவிடும். கல்யாணத்துக்கு முன்னால் அது என் வேலையாகத்தான் இருந்தது. லாரிக்கு மட்டும் வேறு மூச்சா என்ன? புது ஏர் ஃபில்டர் வாங்கி மாட்டலாம் என்று பழையதைக் கழற்றியிருந்தார்கள். அந்தக் குழாயின் வாய் நான் நின்ற பக்கமே, நெஞ்சுயரத்தில் திறந்து கிடந்தது. தேங்காயையும் பழத்தையும் கீழே தட்டிவிட்டு, மணைப்பலகையைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தேன். வெடுக்கென்று என் கையிலிருந்து பிடுங்கி ஒட்டிக்கொண்டது. லாரி முழுசும் ஒரு குலுங்கு குலுங்கியது. இருமியது. நின்றுவிட்டது.

கதவைத் திறந்து, இறங்கி வாருங்கள், உங்களுக்கு இருக்கிறது என்றேன். அவர் அப்போதும் அசையவில்லை.

"கல்லை எடுத்து வை," என்றார்.

"எஞ்சின்தான் நின்னுபோச்சே. இன்னும் என்ன கல்லு?"

"தம்பி கீழ கெடக்கான். பிரேக்க விட்டா அவன் மேல ஏறிரும். மொதல்ல கல்ல வையி."

குனிந்து பார்த்தேன். குழாயின் அடிப்பக்கம் ஒழுகுகிறதா என்று பார்க்க, டிரைவர் பக்கமாக என் கொழுந்தன் அடியில் புகுந்திருக்கிறான். சத்தம் ஏறியதும் கை கால் ஓடாமல் அப்படியே கிடந்துவிட்டான். வலது டயருக்கு ஒரு சாண் முன்னால் அவன் இடுப்பு இருந்தது. நான் கல்லை உருட்டிக்கொண்டு வந்து வைத்த பிறகுதான் இவர் காலை எடுத்தார். எடுத்த கால் அதற்கப்புறம் அவர் சொன்னபடி கேட்கவில்லை, இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். டாப் கியரைப் போட்டுத் திணறடித்து எஞ்சினை நிறுத்தலாம் என்று அவருக்குத் தெரியுமாம். வண்டி ஒரு அடி முன்னால் போனாலும் தம்பி போய்விடுவான் என்று கியரையும் தொடவில்லை.

பிறகு வந்த மெக்கானிக் இன்டர்கூலரைக் கழற்றிச் சாய்த்ததும், கறுப்பு எண்ணெய் வழிந்துகொண்டே இருந்தது. அது இருந்த பழைய லாரியில், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போ உடைந்து, எண்ணெய் முழுக்க இதற்குள் இறங்கியிருக்கிறது. அதைத்தான் எங்கள் எஞ்சின் டீசலுக்குப் பதிலாகக் குடித்துவிட்டு ஆடியிருக்கிறது. உள்ளே டீசல் ஊற்றிக் கழுவி, மறுபடியும் அதையேதான் மாட்டினார்கள். மலையில் நன்றாகவே இழுத்தது, பொய் சொல்லக் கூடாது.

பிள்ளை தலையில் கை வைத்த ஆணையைத் தன் மகன் மீறிவிட்டானே என்று என் மாமியார் பேரனைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் விபூதி போட்டு வந்தார். கொழுந்தன் அன்று சாயங்காலம்தான் வாயைத் திறந்தான். "அண்ணே எறங்கி வந்திருந்தாகன்னா நான் இன்னைக்கு இல்ல மதினி," என்றான். எறங்கச் சொன்னதே நான்தான் என்று சொல்லிவிட்டு, அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இன்றும் எங்கள் தெருவில் மணைப்பலகையால் லாரியை நிறுத்தியவள் என்று என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். பிள்ளை மேல் போட்ட ஆணையையும் மீறி அவர் இறங்காமல் இருந்ததால்தான் அந்தப் பெயர் எனக்கு நிற்கிறது, இல்லையென்றால் கொழுந்தனைக் கொன்றவள் என்ற பெயர்தான் நின்றிருக்கும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.