வீட்டுப்பாடமாக நான் அனுப்பிய பொய்

1. துபாயிலிருந்து வந்த படம்

தலைமையாசிரியர் போனில் கூப்பிட்டபோது நான் ஹைடெக் லேபில் ஓடாத இரண்டு கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "டீச்சர், கையில இருக்கறதப் போட்டுட்டு இங்குட்டு வாங்க" என்றார். எரிச்சலோடுதான் போனேன்.

அவர் தன் போனை என் முன்னால் நீட்டினார். "என் மச்சினன் துபாயில இருந்து அனுப்பியிருக்கான். உங்க ஸ்கூல் பிள்ளைகளுக்கு என்னாச்சுன்னு கேக்குறான். என்ன டீச்சர் இது?"

சிவப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்து. 'அதிர்ச்சி! பள்ளி வாசலில் பணியாரம் சாப்பிட்ட மாணவர்கள் மருத்துவமனையில்!' கீழே ராணி அக்காவின் தள்ளுவண்டி, பெயர்ப்பலகையோடு.

அந்தப் படத்தைச் செய்தவளே நான்தான்.

2. நடந்தது இதுதான்

கோட்டையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போலிச் செய்தியைக் கண்டுபிடிக்கும் பாடம். கொடுத்திருந்த மாதிரிகளெல்லாம் வேறெங்கோ நடந்த சங்கதிகள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எதையும் அடுத்தவரைவிட நன்றாகச் செய்துகாட்ட வேண்டும் என்கிற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. நம் ஊர்ச் செய்தியாக இருந்தால்தான் இதுகளுக்கு உறைக்கும் என்று நானே ஒன்றைத் தயாரித்தேன்.

ராணி அக்கா எங்கள் பள்ளி வாசலில் சாயங்காலம் குழிப்பணியாரமும் காரச் சட்னியும் விற்பவர். புருஷன் இல்லை. அந்த வண்டியை வைத்துத்தான் மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரிந்த கடை என்பதால் அதையே எடுத்தேன். வண்டியை போட்டோ எடுத்ததுகூட அவருக்குத் தெரியாது. செய்தியில் தேதி கிடையாது, ஆஸ்பத்திரி பெயர் கிடையாது, சொன்னவர் யாரென்று கிடையாது. வேண்டுமென்றே விட்ட ஓட்டைகள். அன்று சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போட்டேன். அடுத்த மெசேஜில், 'இதில் என்னென்ன தவறு? நாளைக்கு எழுதி வரவும்' என்று போட்டேன்.

படம் ஒரு மெசேஜ், கேள்வி வேறு மெசேஜ். அந்தக் குரூப்பில் இருப்பவை அம்மாக்களின் போன்கள் என்பதை யோசிக்கவே இல்லை. படத்தை மட்டும் யாரோ ஒரு அம்மா பதறிப்போய் வெளிநாட்டில் இருக்கும் புருஷனுக்குத் தள்ளிவிட்டார். கேள்வி குரூப்பிலேயே கிடந்தது. மறுநாள் மதியத்துக்குள் படம் துபாய், சிங்கப்பூரெல்லாம் போய் ஊருக்கே திரும்பி வந்துவிட்டது.

3. பூசி மெழுகியது

"நான் செஞ்சதுதான் சார். குரூப்புல உண்மையைச் சொல்லிடறேன்" என்றேன்.

"சும்மா இருங்க. டீச்சரே பொய்ச் செய்தி பரப்புனாகன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். உங்க வேலைக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. வதந்தி, நம்பாதீகன்னு ஒரு வரி போடுங்க, போதும்."

எனக்கும் பயம்தான். பழியை அவர்மேல் போட்டுத் தப்பிக்க மாட்டேன். ஒரு வரி போட்டேன். வகுப்பில் பிள்ளைகளிடம், "இது நம்ம கிளாஸ்ல செஞ்சதுன்னு வெளியே சொல்ல வேண்டாம்" என்று சொன்னேன். ஒரு பிள்ளைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வரியை யாரும் நம்பவும் இல்லை. ஸ்கூல் பெயரைக் காப்பாற்ற மூடி மறைக்கிறார்கள் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து வண்டியைத் தாண்டி இழுத்துப் போனார்கள். ராணி அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றார். நான் பின்வாசல் வழியாகப் பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தேன்.

4. ராணி அக்கா லேபுக்கு வந்த நாள்

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மதிய இடைவேளையில் அவரே லேபுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க அக்கா" என்றேன்.

"இருக்கட்டும் டீச்சர். ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். என் கடையைப் பத்தி ஒரு படம் வந்துச்சே, அதை யாரு போட்டாகன்னு கண்டுபிடிக்க முடியுமா? நீங்கதானே கம்ப்யூட்டர் படிச்சவுக."

அந்த நிமிஷமாவது சொல்லியிருக்கலாம். பாவி, நான் சொன்னது இது: "இல்லக்கா. பார்வர்டு ஆகி ஆகி வர்றதை யார் ஆரம்பிச்சாகன்னு கண்டுபிடிக்க முடியாது."

அவர் தலையை ஆட்டினார். கோபமே இல்லை.

"சரி டீச்சர். உங்க கிளாஸ் பிள்ளைக அன்னைக்கே வந்து எங்கிட்ட சொல்லிருச்சுக. அழுதுச்சுக. பாடத்துக்குச் செஞ்சாக, கெட்ட எண்ணமில்லன்னு எனக்கும் புரிஞ்சுச்சு. நீங்க ஒரு வார்த்தை வெளியே சொன்னா என் பொழப்பு திரும்பிரும். இன்னைக்குச் சொல்வீக, நாளைக்குச் சொல்வீகன்னு பார்த்தேன். அதான் நானே வந்தேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னால் ஓடி, "அக்கா, நில்லுங்க" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

அன்று சாயங்காலமே குரூப்பில் என் பெயரைப் போட்டு எழுதினேன். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். தலைமையாசிரியர் மெமோ கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். வேலை ஒன்றும் போகவில்லை. இதற்குத்தானா அப்படிப் பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் என் விளக்கத்தை யாரும் துபாய்க்கு அனுப்பவில்லை. ராணி அக்கா வண்டியை விற்றுவிட்டு, காரைக்குடியில் ஒரு சமையல் காண்டிராக்டரிடம் தோசை சுடப் போய்விட்டார். வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார். மகள் படிப்பு என்னவாயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது இந்தப் பாடம் எடுக்கும் இளைய ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். மாதிரிக்கு உயிரோடு இருக்கிறவர் பெயரை எடுக்காதீர்கள். 'இது பொய்' என்பதைப் படத்துக்குள்ளேயே, வெட்ட முடியாதபடி எழுதுங்கள். இதெல்லாம் தொழில் சங்கதி, எளிதில் கற்றுக்கொள்ளலாம். ஒரு செய்தி வந்தால் அதை ஆரம்பித்தவர் யாரென்று தேடிப் போய்க் கேளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ராணி அக்கா அதைத்தான் செய்தார். சரியான ஆளிடம்தான் வந்து கேட்டார். நான் முடியாது என்றேன்.