சிவப்புப் பொட்டும் அம்மிக்கல்லும்

மண்ணெண்ணெய் வாசமும் நகப்பூச்சு வாசமும் ஒன்றாகக் கலந்து எங்கிருந்தாவது வந்தால், எனக்கு உடனே அம்மா ஞாபகம்தான் வரும். எங்கள் மலைக்கிராமமான செம்மநத்தத்திலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு வேனில் பிள்ளைகளை ஏற்றிப் போனவர் அம்மா. அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அக்காவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்குவதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து திரும்பி வாசல் சரிவுக்கு வந்ததும் வேன் பொசுக்கென்று நின்றுவிட்டது. இன்ஜினுக்குள் ஓடும் "டைமிங் பெல்ட்" அறுந்திருந்தது. அக்காவையும் அவளோடு படித்த பெண்களையும் காலையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேறு வண்டி இல்லை. பஸ்ஸோ பரீட்சை மணி அடித்த பிறகுதான் வரும். மெக்கானிக் கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன. அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

மாற்று பெல்ட் ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருக்கும் அம்மா, முன் சீட்டைத் தூக்கிவிட்டு இன்ஜினுக்குள் தலையை நுழைத்தார். மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம். ஒவ்வொன்றிலும் கடுகளவு ஒரு "மார்க்கு", அது எதிரே உள்ள கோட்டுக்கு நேராக நின்றால்தான் பெல்ட்டை மாட்டலாம், ஒரு பல் தவறினாலும் வண்டி முரண்டு பிடிக்கும். அழுக்கில் புதைந்து கிடந்த கீழ் மார்க்கை மண்ணெண்ணெய் விட்டுப் பழைய பிரஷ்ஷால் துலக்கி, அக்காவின் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்தார்.

கீழ்ச்சக்கரத்தை ஸ்பேனரால் திருப்பி நேராக்கிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கை துடைத்து வந்தால் பொட்டு தள்ளி நிற்கிறது. மறுபடியும் நேராக்கிவிட்டு பெல்ட்டை எடுத்து வரப் போனார். மறுபடியும் தள்ளி நின்றது. அம்மாவின் முகம் வாடியது. மூன்றாம் முறை உள்ளே போவதுபோல் போக்குக் காட்டிச் சட்டென்று திரும்பினார். அப்பாவின் கை கியர் மேல் இருந்தது.

"ஊட்டு முன்னால பள்ளங் கெடக்குது புள்ள, நூட்ரல்ல உட்டுட்டுப் போலாமா?" என்றார் அப்பா. கை பிரேக்கை அவர் நம்பியதே இல்லை. சரிவில் நிற்கும் வண்டிக்குக் கியர் போடாவிட்டால் எங்கள் மலையில் யாருக்கும் சோறு இறங்காது. ஆனால் கியர் விழும்போது அதோடு சேர்ந்து கீழ்ச்சக்கரமும் துளி நகர்ந்துவிடுகிறது.

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அம்மா, "ஏனுங்க, கியரத் தொடாதீங்க. அத்தன பயமா இருந்தா எதையாச்சும் முட்டுக் குடுங்க" என்றதோடு சரி. அப்பா நேரே சமையலறைக்குப் போய் அம்மிக்கல்லையே தூக்கி வந்து வேன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, அது போதாதென்று அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பொழுது சாய்வதற்குள் வண்டி உறுமியது. அம்மாவின் அந்தப் பொறுமையை வேறு எவரிடமும் நான் பார்த்ததில்லை. மறுநாள் மணியடிக்கும் முன்பே அக்கா பரீட்சைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வேனை விற்றாயிற்று. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அம்மா ஓட்டுவது பேட்டரி கார். அதில் பெல்ட்டும் இல்லை, மார்க்கும் இல்லை, பொத்தானை அழுத்தினால் எந்தச் சரிவிலும் அது பாட்டுக்கு நிற்கும். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மா காரிலிருந்து இறங்கி, சிரமப்பட்டுக் குனிந்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார்.

"அதுதான் தானாவே நிக்குமேம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியுங் கண்ணு. உங்கப்பாவுக்குத் தெரியாதில்ல?" என்றார்.