தொண்ணூற்றாறாவது வீட்டில் நின்ற கணக்கு

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பிளஸ்-மைனஸ். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்த எண்ணையும் மொட்டையாகச் சொல்ல அவளுக்கு வாய் வராது. எத்தனை மணிக்கு வருவாய் என்று கணவன் போனில் கேட்டால், "ஏழு, பிளஸ் மைனஸ் அரை மணி" என்பாள். "அப்போ எனக்குப் பசி எத்தனை மணிக்கு வரணும்னு நீயே சொல்லிடு" என்று அவன் கிண்டலடிப்பான்.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த சர்வே கம்பெனியில், எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் அவள் வேலை. ஊரையே நிறுத்தி வைத்துக் கேட்க முடியாது. கொஞ்சம் பேரைக் கேட்டு ஊரைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது எவ்வளவு தப்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பின்பாதியைக் கேட்டாலே மேலாளருக்கு வேப்பங்காயாகக் கசக்கும். பேனா மூடியால் காதைக் குடைந்து, வந்ததை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, அதே மூடியைப் பேனாவில் மாட்டி மற்றவர்களிடம் கையெழுத்துக்கு நீட்டுகிற மனிதர் அவர். அவள் தன் பேனாவைப் பையிலேயே வைத்திருப்பாள்.

ஒரு நாள் கொழுப்பு காய்ச்சும் ஆலையின் வேலை வந்தது. இறைச்சிக் கழிவையும் எலும்பையும் கொதிக்க வைத்துக் கொழுப்பெடுக்கும் இடம். அதன் உரிமத்தைப் புதுப்பிக்க நகர அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. சுற்றியுள்ள வீடுகளில் பாதிக்கு மேல் நாற்றம் தொந்தரவு என்று சொன்னால் உரிமம் கிடையாது. கேட்டு வரவேண்டிய செலவு ஆலையுடையது. என்ன அழகான ஏற்பாடு!

ஆலைக்குப் பின் தெருவில்தான் அவள் தங்கை குடியிருந்தாள். சாயங்காலம் கொதிகலன் திறந்தால், ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி திணித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நாலு வயதுப் பெண் சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்து விடுவாள். குழந்தை எடை ஏறவே இல்லை. வீட்டை விற்கலாமென்றால், பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

"என் தங்கச்சி அங்கதான் இருக்கா சார். இந்த வேலையை வேற யார்கிட்டயாவது குடுங்க" என்றாள் மேலாளரிடம்.

"ரொம்ப நல்லதாப் போச்சு! அப்போ நம்மளை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றார் அவர். 

வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டாள். நானூறு வீடு. அப்போதுதான் கிடைக்கும் சதவீதத்தில் இரண்டு பக்கமும் ஐந்துக்குள் ஆட்டம் அடங்கும்.

"நூறு வீடு கேட்டா?"

"ரெண்டு பக்கமும் பத்து ஆடும் சார். ஆட்டத்தைப் பாதியாக் குறைக்கணும்னா வீடு நாலு மடங்கு வேணும்."

"சரி சரி, நானூறே போகட்டும்" என்றார். அவர் அவ்வளவு சுலபமாக இறங்கி வந்ததே தப்பு என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

வீடு வீடாகப் போய்க் கேட்டுவரக் கம்பெனிப் பையன் ஒருவனை அனுப்பினார்கள். முதல் நாள் எழுபது வீடு முடிந்தது. முப்பத்தெட்டு வீட்டார் தொந்தரவு என்றார்கள். நூற்றுக்கு ஐம்பத்து நாலு. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. யாருக்கோ போன் செய்தார். மறுநாள் மதியத்துக்குள் தொண்ணூற்றாறு வீடு ஆனது. தொந்தரவு என்றவர்கள் நாற்பத்தைந்து, நூற்றுக்கு நாற்பத்தேழு.

"போதும், நிறுத்து!" என்றார். தாயம் விழுந்தவன் முகம்.

"இன்னும் முந்நூத்திச் சொச்சம் வீடு பாக்கி இருக்கு சார். நமக்குப் பிடிச்ச எண் வந்ததும் நிறுத்துறதுக்குப் பேரு சர்வேயா?"

"பிளஸ்-மைனஸ், நீ வேணா உன் ஆட்டத்தையும் அதுல போட்டுக்கோ. கீழ, சின்ன எழுத்துல. எவன் படிக்கப் போறான்?"

ஒரே ராத்திரியில் ஐம்பத்து நாலு நாற்பத்தேழாக இறங்கியது அவளையும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் கொஞ்சம் வீடுகளை மட்டும் கேட்டால் எண் இப்படித்தான் குதிக்கும், தற்செயல்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தத் தொழிலில் ஊறியவர்களுக்கு எதையும் தற்செயலில் தள்ளிவிடுவது கைவந்த பழக்கம். நாற்பத்தேழு, முப்பத்தேழிலிருந்து ஐம்பத்தேழு வரை இருக்கலாம் என்று கீழே எழுதி, தன் பேனாவால் கையெழுத்துப் போட்டாள்.

நகர அலுவலக மண்டபத்தில் விசாரணை. தங்கை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதிகாரி அறிக்கையைப் புரட்டி, "நாற்பத்தேழு சதவீதம். பாதிக்கும் குறைவு" என்று வாசித்தார். முன்வரிசையில் ஆலைக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்தார்கள்.

அவள் எழுந்தாள். "ஐயா, அந்தக் கணக்குப் போட்டது நான்தான். கேட்டது தொண்ணூத்தாறே வீடு. நிஜமான அளவு முப்பத்தேழாவும் இருக்கலாம், அம்பத்தேழாவும் இருக்கலாம். இதை வச்சுப் பாதிக்குக் குறைவுன்னு சொல்றது தப்பு."

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ பாதிக்கு மேலன்னு நிச்சயமாச் சொல்றீங்களா?"

மண்டபம் அவளையே பார்த்தது. தங்கை அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க. அப்படியும் நிச்சயமாச் சொல்ல முடியாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உங்களுக்கே தெரியலைன்னா நான் என்னம்மா பண்றது? உட்காருங்க" என்றார் அதிகாரி. ஆட்சேபம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் ஆதாரத்தோடு கொடுக்கலாம் என்றும், இல்லையேல் உரிமம் என்றும் சொல்லி முடித்தார்.

இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். இறங்கி அவள் தெருவுக்குள் நுழைந்ததும் நாற்றம் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. அழுகின கறியைக் கருக விட்டதுபோல் ஒரு நெடி. அப்போதுதான் தங்கைக்கு வெடித்தது.

"ஒரே ஒரு ஆமாம்! அதைச் சொன்னா உன் நாக்கு அழுகிடுமாக்கா? ஆலைக்காரன் சாப்பாட்டுத் தட்டுல துப்பற மாதிரி பொய் சொல்றான். நீ என்னடான்னா ஆடுது, அசையுதுன்னுட்டு!"

"பொய்க்குப் பொய் சொல்லச் சொல்றியாடி? நீ தொந்தரவுன்னு சொன்னது அந்த நாப்பத்தஞ்சுல இருக்கே, அது போதாதா?"

தங்கை சட்டென்று நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் அப்படிச் சொல்லலை."

"என்னது?"

"கேட்க வந்த உங்க கம்பெனிப் பையன் தனியா வரலையே. ஆலை மேஸ்திரியும் கூடவே வந்து கேட்டைப் பிடிச்சிட்டு நின்னான். யார் யார் என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டே இருந்தான். இவரு காலைல ஆலை வாசல் வழியாத்தான் வேலைக்குப் போகணும். தொந்தரவு ஒண்ணும் இல்லைன்னுட்டேன்."

"என்னிக்கு வந்தான்?"

"ரெண்டாம் நாள். அன்னிக்குக் கேட்ட வீடு பூரா அவன்தான் முன்னாடி நடந்தான்."

இருபத்தாறு வீடு. தொந்தரவு என்றது ஏழே பேர். அதைத்தான் அவள் தற்செயல் என்று தலையில் தட்டித் தூங்க வைத்திருந்தாள். மண்டபத்தில் எழுந்து நின்று நேர்மையாகச் சொன்ன முப்பத்தேழும் ஐம்பத்தேழும் அந்த மேஸ்திரியின் நிழலில் எண்ணியவை. எத்தனை வீடு கேட்டாலும், எவ்வளவு சின்ன எழுத்தில் எழுதினாலும், பயந்தவன் சொன்ன பொய்யை எந்த பிளஸ்-மைனஸும் பிடிக்காது. மேலாளர் மேல், மேஸ்திரி மேல், அதற்கெல்லாம் மேலாகத் தன் கையெழுத்தின் மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. சாக்கடை ஓரம் ஒதுங்கி, நிஜமாகவே வாந்தியெடுத்தாள்.

தங்கை தண்ணீர் கொண்டு வந்தாள். அவள் வாயைக் கொப்புளித்துவிட்டு, "நீ குழந்தையைப் பாரு" என்று சொல்லி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் இவளைப் பார்க்கவில்லை. இவள் தோளுக்கு மேலாகத் தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலைங்க. நான் மட்டும்தான். நாத்தத்தைப் பத்திக் கேட்க வந்தேன்."

"அப்போ உள்ள வாங்க" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "கதவைச் சாத்திட்டுச் சொல்றேன்."