வாய்க்கு வந்தது சாப்பாட்டு ஜெபம்

மாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற எல்லாருக்கும் திண்டிவனத்திலிருந்து எலிசபெத்தின் ஸ்தோத்திரம். நான் பிளவுஸ் தைக்கிறவள். எழுதிப் பழக்கம் இல்லை. எங்கள் பங்குச் சாமியார் விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். எழுதி முடித்தால் எனக்கே ஏதாவது தெளிவாகும் என்றும் ஒரு ஆசை.

போன அக்டோபரில், ஜெபமாலை மாதத்தில், பிரான்ஸ் நாட்டு லூர்து நகரத்தில் என் வீட்டுக்காரரைத் தொலைத்துவிட்டேன்.

பர்ஸைத் தொலைத்தால் பட்டென்று புகார் கொடுக்கலாம். புருஷனைத் தொலைத்தேன் என்று எந்த பாஷையில் போய்ச் சொல்வது? அங்கே யார் பேசினாலும் எனக்கு விளங்கவில்லை, நான் பேசினால் அவர்களுக்கு விளங்கவில்லை.

எங்கள் மகன் குவைத்தில் வேலை பார்க்கிறான். அவன்தான் அப்பாவும் அம்மாவும் ஒருதரமாவது வெளிநாடு பார்க்கட்டும் என்று இந்த யாத்திரைக்கு அனுப்பினான். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஆட்கள் ஒரு பஸ் நிறையப் போனோம். எல்லார் தலையிலும் பச்சைத் தொப்பி, எல்லார் கழுத்திலும் பெயர் அட்டை. அந்த நாட்கள் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. மலை மேல் இறங்கி வரும் மேகம், கல் மாதிரி இருந்தும் உள்ளே பஞ்சாக இருக்கும் ரொட்டி, ஜன்னல் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குக் குளிர். தங்கின ஓட்டலில் ஒரு வயசான அம்மா, நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்குவதைப் பார்த்துவிட்டுத் தன் கம்பளிச் சட்டையையே கழற்றிக் கொடுத்துவிட்டாள். யார் பெற்ற பிள்ளைக்கு யார் செய்கிறார்கள் பாருங்கள்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் மார்த்தாள் அக்கா. விழுப்புரத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறார். அந்தத் தொண்டை இருக்கிறதே, கடையில் சட்னி கேட்கிறவனுக்குப் பதில் சொன்னால் அடுத்த தெருவில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். ஜெபமாலை சொன்னாலும் அதே குரல்தான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினேன்.

என் வீட்டுக்காரர் அந்தோணிசாமி அதற்கு நேர் எதிர். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வியாபாரம் பார்த்தவர், ஆனால் பேச்சைச் செலவு பண்ண மாட்டார். சர்க்கரை வியாதி உண்டு. காலையில் ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் வேர்த்துக் கொட்டி மயக்கம் வந்துவிடும். அதனால் பிஸ்கட், சாக்லெட், மாத்திரை எல்லாம் என் கைப்பையில். கழுத்து அரிக்கிறது என்று பெயர் அட்டையையும் அன்றைக்கு என்னிடம் கழற்றிக் கொடுத்திருந்தார். போனும் என் பையில்தான்.

மாதா காட்சி கொடுத்த குகையான கெபியில் பூசை முடிந்ததும் தண்ணீர்க் குழாய்க்குப் போனேன். தீர்த்தம் வேண்டும் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. பக்கத்து வீட்டு செல்வி மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை தவறாமல் போகிறவள், அவளும் “எக்கா, எனக்கு ஒரு பாட்டிலு” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பாட்டில் பாட்டிலாகப் பிடித்து மூடி போட்டுத் திரும்பினால், பின்னால் நின்றவர் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் கைப்பையில் இருக்கும் பிஸ்கட் ஞாபகம் வந்தது. அவர் காலையில் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர், மத்தியானச் சாப்பாடு இன்னும் ஆகவில்லை.

காணாமல் போனால் மாதா சுரூபத்தின் பக்கம் வந்து நில்லுங்கள் என்று கூட வந்த எங்கள் சாமியார் சொல்லியிருந்தார். அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாதா சுரூபம் நிற்கிறது! எந்த மாதா என்று என் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை. பச்சைத் தொப்பி தெரிந்த பக்கமெல்லாம் ஓடினேன். வேறு ஏதோ நாட்டு யாத்திரைக் கூட்டமும் பச்சைத் தொப்பி போட்டிருந்தது. ஒரு ஆளின் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டேன். நீலக் கண்ணோடு ஒரு வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆற்றங்கரையில் நின்று ஜெபிக்கப் பார்த்தேன். சின்ன வயசிலிருந்து சொல்லி வந்த ஜெபம் ஒன்றுகூட வரவில்லை. தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோணியார் மன்றாட்டைத் தொடங்கினேன், பாதியில் அறுந்தது. மங்கள வார்த்தை ஜெபத்தைத் தொடங்கினேன், நாக்கு வேறெங்கோ போனது. கடைசியில் வாய்க்கு வந்தது என்ன தெரியுமா? சாப்பாட்டு ஜெபம். “ஆண்டவரே, இந்த உணவை ஆசீர்வதியும், இதைக் கொடுத்தவர்களையும் ஆசீர்வதியும்.” இதென்ன கூத்து, புருஷனைக் காணோம், நான் சாப்பாட்டுக்கு ஜெபம் சொல்கிறேனே என்று நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மார்த்தாள் அக்கா தேடி வந்து என் கையைப் பிடித்தார்.

“இன்னா எலிசபெத்து, நீ ஒரு பக்கம் ஓடிக்கினு, அவரு ஒரு பக்கம் ஓடிக்கினு இருந்தா எப்ப பாத்துக்கறது? நில்லு இங்கயே. நா இருக்கேன்.”

என்னைப் பெரிய மைதானத்து ஓரமாக நிறுத்தி, நம் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு, ஜெபமாலையைத் தமிழில் தொடங்கினார். என்ன சத்தம்! போகிற வருகிற பல நாட்டுக்காரர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நான் பதில் ஜெபம் சொல்லிக்கொண்டே பச்சைத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு ஆள் முன்பின் தெரியாத ஒரு அம்மா தோளில் கை போட்டபடி வந்தார். பார்த்தேன், பார்வையைத் தள்ளி அப்பால் தேடினேன். அந்த ஆள் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

“ஏம்மா, என்னத் தெரியலையா?”

அவர்தான்! சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. நான் அவர் நெஞ்சிலேயே இரண்டு அடி அடித்துவிட்டு, அதே இடத்தில் கட்டிக்கொண்டு அழுதேன்.

பச்சைத் தொப்பிகள் நகர்வதைப் பார்த்து, நம் ஆட்கள் என்று பின்னாலேயே போயிருக்கிறார். முகத்தைப் பார்க்காமல் தொப்பியைப் பார்த்துப் போனவர். நானும் அதேதான் செய்தேன், அதனால் அன்றைக்கு அவரைத் திட்ட முடியவில்லை. வழியில் தலை சுற்றி ஒரு கல் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். கூட வந்த இந்த அம்மா பார்த்துவிட்டு ஓடி வந்து பழரசம் குடிக்க வைத்து, தான் சாப்பிட வைத்திருந்த ரொட்டியைப் பிட்டுப் பிட்டு ஊட்டியிருக்கிறாள். வேர்வையில் ஊறின தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் சிவப்புத் தொப்பியை அவருக்குப் போட்டிருக்கிறாள். மார்த்தாள் அக்கா குரல் காதில் விழுந்ததும் இவர் எழுந்து அந்தப் பக்கம் கை காட்ட, தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள்.

“இவங்க எந்த நாடு, இன்னா பேருன்னு கேட்டீங்களா?” என்றேன்.

“கேக்கத் தெரிலம்மா. ஆனா நல்லா ஊட்டினாங்க.”

எனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பையில் கிடந்த மல்லாட்டை உருண்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். உடனே வாயில் போட்டு, கண்ணை மூடி ருசித்து, என் கன்னத்தைத் தட்டினாள். மார்த்தாள் அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். அவள் கூட்டத்தார் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குள் சுருக்கென்றது. நான் ஆற்றங்கரையில் சாப்பாட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அங்கே பெஞ்சில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உணவையும் ஆசீர்வதித்து, கொடுத்தவளையும் ஆசீர்வதித்து, ஒன்றும் தெரியாமல் நான் சரியான ஜெபத்தைத்தான் சொல்லியிருக்கிறேன். என் நாக்கைத் திருப்பியது யார்? சாமியாரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு என் நெற்றியில் சிலுவை வரைந்தார். மார்த்தாள் அக்காவிடம் கேட்டேன். “நீ மொதல்ல அவருக்கு பிஸ்கட்டு குடு, அப்பறமா யோசிக்கலாம்” என்றார். இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். குழப்பம் தீரவில்லை. ஆனால் அது பயமுறுத்துகிற குழப்பம் இல்லை.

ஊருக்கு வந்ததிலிருந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் யாராவது திருதிருவென்று முழித்தால் நானே போய்க் கேட்கிறேன். பாதிப்பேர் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள், என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். மார்த்தாள் அக்கா விழுப்புரத்திலிருந்து மாசத்துக்கு ஒருமுறையாவது வருகிறார். தெருமுனையிலேயே குரல் கேட்டுவிடும், உடனே உலை வைத்துவிடுவேன்.

பிரியமானவர்களே, ஜெபம் வரவில்லையே என்று கலங்காதீர்கள். வாய் குழறினாலும் சொல்லுங்கள். தப்பான ஜெபமாக இருந்தாலும் சொல்லுங்கள். எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஆண்டவருக்குத் தெரியும். கண்ணை மட்டும் திறந்து வைத்திருங்கள், உதவி எந்த நிறத் தொப்பியில் வரும் என்று நமக்குத் தெரியாது.

அந்தச் சிவப்புத் தொப்பியை என் வீட்டுக்காரர் வெயிலுக்குப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறார். சாப்பாட்டு நேரத்தில் அதைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார். முன்பெல்லாம் ஆமென் மட்டும் சொல்லுகிறவர், “இதைக் கொடுத்தவர்களையும் ஆசீர்வதியும்” என்ற இடம் வந்தால் இப்போது என்னை முந்திக்கொண்டு சொல்லுகிறார்.