சனிக்கிழமை இருட்டு

அமெரிக்காவில், டுலூத் ஊரின் மேற்குப் பக்கத்தில் பழைய வீட்டுக்கு ஒயரிங் மாற்ற எவ்வளவு ஆகும் என்று தெரிய வேண்டுமானால் ரெய்னோ காங்கஸைத்தான் கூப்பிடுவார்கள். ஃபின்லாந்து வம்சத்துக்காரர், வயது அறுபத்தைந்து. நிலவறையிலிருந்து பரண் வரைக்கும் ஏறி இறங்கிவிட்டு, இரண்டாவது கோப்பைக் காபி முடிந்ததும் ஒரு தொகை சொல்வார். அதை ஏற்றவும் மாட்டார், இறக்கவும் மாட்டார். பேரம் பேசினால் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வார். சொந்த மாமியாருக்கே முழுத் தொகை சொன்னவர். மாமியார் அதற்குப் பிறகு ஆறு வருடம் உயிரோடு இருந்தார், ஆனால் அவரோடு பேசவில்லை.

அவரிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. சனிக்கிழமை மாலை சவுனாவில் நீராவிக் குளியலுக்குப் போகுமுன் வீட்டில் மின்சார அடுப்பு, ஃப்ரிட்ஜ், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். இருட்டில்தான் குளியல். கல்யாணமான முதல் வாரமே, நார்வே வம்சத்துப் பெண்ணான மனைவி சோல்வெய் ஏன் என்று கேட்டாள். “எங்க ஆளுங்க வழக்கம்” என்றார். முப்பத்தெட்டு வருடமாக அவளும் இருட்டில் சோப்பைத் தேடுகிறாள்.

அந்த வழக்கத்தை ரெய்னோ சிறுவயதில் கற்றது, கப்பலில் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒலாவி சாரெலாவின் வீட்டில். தெருவில் சவுனா இல்லாத குடும்பமெல்லாம் சனிக்கிழமை அங்கே போகும். இருட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யாரும் சத்தம் போட மாட்டார்கள். கோயிலில் இருப்பதுபோல் இருக்கும் என்று ரெய்னோ இன்றும் சொல்வார்.

ஒலாவி இறந்து பதினோரு வருடமாகிறது. இந்த அக்டோபரில் அவர் மனைவி லெம்பி ரெய்னோவைக் கூப்பிட்டார். இன்சூரன்ஸ்காரர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். பீங்கான் குமிழில் ஓடும் பழைய ஒயரையும் ஃப்யூஸ் பெட்டியையும் மாற்ற வேண்டும், அல்லது ஒயர் நன்றாக இருக்கிறது என்று உரிமம் உள்ள ஆள் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். நவம்பர் ஒன்றாம் தேதிவரை கெடு. இன்சூரன்ஸ் போனால் வெயில் கொளுத்தும் அரிசோனாவில் இருக்கும் மகன் வந்து அவரைத் தன்னோடு கூட்டிப் போய்விடுவான்.

“அங்க ஊரே சவுனாதான். வெளிய வர்றதுக்குக் கதவுதான் இல்ல” என்றார் லெம்பி.

ஒரு கம்பெனி ஏற்கெனவே வந்து இருபத்தாறாயிரம் டாலர் சொல்லிவிட்டுப் போயிருந்தது. லெம்பியிடம் இருந்தது ஒன்பதாயிரம்.

ரெய்னோ பரணில் ஏறினார். தொண்ணூறு வருடத்து ஒயர். இந்த வயதில் மேலுறை தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும். இங்கே விரலால் வளைத்தார், வளைந்தது. நாலு இடத்தில் பார்த்தார், நாலும் அப்படியே. நிலவறைக்கு இறங்கினார். இந்த ஊர் ஃப்யூஸ் பெட்டிகளில் பாதிக்குமேல் லோடு ஏறினாலும் கரண்ட் போகாமலிருக்க ஃப்யூஸுக்குப் பின்னால் ஒரு செப்புக் காசு செருகியிருக்கும். இங்கே காசு இல்லை. எல்லாம் சரியான அளவு ஃப்யூஸ். ரெய்னோவுக்கு எரிச்சலாகவே இருந்தது. நல்ல நிலைமைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டுமே.

காரணம் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு அட்டையாக ஒட்டியிருந்தது. ஒலாவியின் பென்சில் எழுத்து: ‘அயர்ன் பாக்ஸ் போட்டால் டோஸ்டர் கூடாது. சனிக்கிழமை சவுனா ஹீட்டர் போட்டால் அடுப்பு, ஃப்ரிட்ஜ், விளக்கு எல்லாம் நிறுத்து. பெட்டி தாங்காது.’

ரெய்னோ அதை இரண்டு தடவை படித்தார். நாற்பது வருடம் அடுத்தவர் வீட்டு லோடைக் கணக்குப் போட்டவர். தன் வீட்டில், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் தாங்கும் இருநூறு ஆம்பியர் பெட்டி வைத்திருப்பவர். காது சுட்டது. அட்டையைக் கழற்றிக்கொண்டு மேலே வந்தார்.

“உங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியாம என்னப்பா. பெரிய பெட்டி வைக்க அப்ப காசில்ல. பக்கத்து வீட்டுக்காரங்க குளிக்க வந்து, ஏன் ஒலாவி விளக்கில்லன்னு கேட்டாங்க. அவருக்கு வெக்கமாப் போச்சு. பாட்டன் காலத்து வழக்கம்னுட்டார். எல்லாரும் தலையாட்டினீங்க. நீ ரொம்ப நல்லா ஆட்டின.”

“அப்புறம் காசு வந்துச்சில்ல?”

“வந்துச்சு. அதுக்குள்ள நாலு வீட்ல விளக்க அணைக்க ஆரம்பிச்சுட்டாங்க. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பெட்டிய மாத்தறதுன்னார்.”

ரெய்னோ காபி குடித்தார். பிறகு தொகையைச் சொன்னார். புதுப் பெட்டி, வெளியிலிருந்து வரும் மெயின் லைன், சவுனாவுக்குத் தனி லைன்: எட்டாயிரத்து அறுநூறு. ஒயரைத் தொட வேண்டாம். “ஆனா ஒயர் ஏன் நல்லா இருக்குன்னு எழுதணும். பெட்டி தாங்காதுன்னு பயந்து அணைச்சு வச்சார்னு.”

“இன்சூரன்ஸ் ஏஜென்ட் யாரு தெரியுமில்ல? எர்க்கி. ஞாயித்துக்கிழமை சர்ச் காபி ஆறதுக்குள்ள ஊருக்கே சொல்லிருவான். சாகற வரைக்கும் அத வெளிய விடாம காப்பாத்தினார் அந்த மனுசன். அதச் சொல்லித்தான் நான் இங்க இருக்கணும்னா அரிசோனாவுக்கே போறேன்.”

அதைச் சொன்னபோது லெம்பியின் குரல் மாறவில்லை. மாமியாருக்குக்கூட ஒரு ஆணியைக் குறைத்து எழுதாத கை, பேனாவை வெகுநேரம் தாளுக்கு மேலேயே வைத்திருந்தது. லெம்பி கேட்காமலே மூன்றாவது கோப்பை ஊற்றினார். ரெய்னோ எழுதினார்:

‘இவ்வீட்டார் வழிவழியாக வந்த வழக்கப்படி ஒரே நேரத்தில் பல சாதனங்களை இயக்காததால், ஒயர்கள் சூடேறாமல் நல்ல நிலையில் உள்ளன.’

கையெழுத்துப் போட்டார். லெம்பி அட்டையைக் கைநீட்டி வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார். இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். அக்டோபர் முடிவதற்குள் புதுப் பெட்டி ஏறியது. மகன் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ரெய்னோ தன் வீட்டு மெயின் போர்டுக்கு முன்னால் சற்று நேரம் நின்றார். பிறகு எப்போதும்போல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சவுனாவுக்குள் போனார். பின்னால் வந்த சோல்வெய் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டாள்.

“இத எவன் ஆரம்பிச்சான்னு மட்டும் எனக்குத் தெரியணும்” என்றாள்.

“வழிவழியா வர்ற வழக்கம்” என்றார் ரெய்னோ. எழுதிக் கொடுத்ததை மாற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை.