வாயில் பறி

ஏரியில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்போம். ஒருத்தி கையை எடுத்தாலும் அந்த இடைவெளியில் இறால் தப்பிவிடும். அதனால் பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்வோம். அதுதான் எனக்கு வினையாயிற்று.

கடவுள் என்னைத் தம் வேலைக்கு அழைக்கிறார் என்ற எண்ணம் அந்த வருஷம் என்னைப் பிடித்து ஆட்டியது. ஒல்லாந்தர் கோட்டையில் மணி அடித்ததும் வாய்விட்டு ஜெபிக்காதவளைக் கர்த்தர் மறந்துவிடுவார் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். மணி அடிக்கும்போதெல்லாம் என் வாயில் பறி இருக்கும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தேன். "ஆண்டவரே" என்பதற்குள் பறி தண்ணீரில் கவிழ்ந்து, காலையிலிருந்து பிடித்த அத்தனையும் போயிற்று.

பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த பெரிய நாத்தனார் தன் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினாள்.

"இன்னாடி பண்ணே? உன் சாமிக்குக் காது மட்டுந்தானா? கண்ணு இல்லியா?"

கத்திவிட்டு, தன் இறாலில் பாதியை என் பறியில் கொட்டினாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

மறுநாளும் மணி அடித்தது. பறியை இறுக்கிக் கடித்தபடி, கையில் சிக்கிய இறாலை அவள் பறியில் போட்டேன்.

'பாரும்' என்று மட்டும் ஆண்டவரிடம் மனதுக்குள் சொன்னேன்.