சின்ன ர, பெரிய ற

புனே நகரத்து நிக்டியில் பிறந்து வளர்ந்த சஹானாவுக்குத் தமிழ் காதால் வந்தது. படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள், எழுதச் சொன்னால் எழுந்து போய்விடுவாள். ஆனாலும் தமிழ் தன் வீட்டுச் சொத்து என்றுதான் நினைத்திருந்தாள். பன்னாட்டு உறவுகள் ஆனர்ஸ் கடைசி வருடத்தில் அந்தச் சொத்தில் தேஜஸ்வினி கைவைத்தாள்.

தேஜஸ்வினி சுத்த மராத்திப் பெண், சஹானாவின் வகுப்புத் தோழி. ராமேஸ்வரம் மீனவர்களும் இலங்கைக் கடல் எல்லையும் என்பது அவளுடைய ஆய்வேட்டுத் தலைப்பு. அதற்காகவே தமிழ் கற்றுக்கொண்டு, ராமேஸ்வரம் போய்ப் பேட்டிகளைப் பதிவு செய்துகொண்டு வந்துவிட்டாள். சஹானா எடுத்தது ஆர்க்டிக் கவுன்சிலில் இந்தியா. எல்லாம் இணையத்தில் கிடைக்கும் என்று எடுத்தாள். பனிக்கட்டியை யார் பேட்டி எடுப்பது? துறையிலிருந்து ஒரே ஒரு ஆய்வேடுதான் டெல்லி கருத்தரங்குக்குப் போகும். வழிகாட்டி இர்பான் சார் தேஜஸ்வினியின் பக்கங்களைப் புரட்டி முகம் மலரும்போதெல்லாம் சஹானாவுக்கு வயிறு எரிந்தது. அது தனக்குத் தோன்றியிருக்க வேண்டிய தலைப்பு.

போதாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தேஜஸ்வினி லேப்டாப்போடு வீட்டுக்கே வந்தாள். சஹானாவின் அம்மா வைஜயந்தி கொடுத்த தட்டை வாங்கிக்கொண்டு, "மிக்க நன்றி ஆன்ட்டி, உப்புமா மிகவும் சுவையாக இருக்கிறது" என்றாள், பாடப்புத்தகத் தமிழில்.

அம்மா உருகிப்போனாள். "பாத்தியாடி, எவ்ளோ அழகாப் பேசறா. நீ ஒரு வாக்கியத்துல நாலு ஹிந்தி போடறே."

சஹானா பல்லைக் கடித்துக்கொண்டாள். தேஜஸ்வினி மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு பதிவை ஓடவிட்டாள். மீனவக் கிழவர் ஒருவர், "அக்கரை இல்லாம எங்களுக்கு ஏது பொழப்பு?" என்றார். தேஜஸ்வினி அதில் பெரிய றவைக் கேட்டிருந்தாள். அக்கறை, பரிவு, கரிசனம் என்று மொழிபெயர்த்து, 'அக்கறையின் அரசியல்' என்று ஒரு அத்தியாயமே கட்டியிருந்தாள். கிழவர் சொல்வது கடலுக்கு அந்தப் பக்கத்துக் கரையை என்று சஹானாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுதத் தெரியாவிட்டால் பேச்சு புரியாதா?

"சரியா இருக்கா?" என்று ஹிந்தியில் கேட்டாள் தேஜஸ்வினி.

"எல்லாம் சரி" என்றாள் சஹானா. சொன்ன பிறகு உப்புமா கொஞ்சம் ருசித்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியை சத்தியவதி, புனேவின் கேம்ப் பகுதியில் வளர்ந்த தமிழர். பதிவைக் கேட்டார், அது சின்ன ர என்று விளக்கினார். அத்தியாயம் மொத்தமும் கவிழ்ந்தது. தேஜஸ்வினியின் முகம் வெளுத்ததைப் பின்வரிசையிலிருந்து பார்த்த சஹானாவுக்கு, உள்ளதைச் சொல்ல வேண்டும், இனித்தது.

சத்தியவதி நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டினார். "தமிழைச் சரிபார்த்தது சஹானான்னு போட்டிருக்கே. யாரும்மா அது?"

சஹானா எழுந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் தேஜஸ்வினி முந்திக்கொண்டாள். "அவள் மேல் தவறு இல்லை மேடம். பாவம், அவளுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. அவளிடம் கேட்டது என் தவறு."

அதில் துளிக் கள்ளமில்லை. தோழியைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

இர்பான் சார் சஹானாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியும் என்றால் வேண்டுமென்றே கெடுத்தது வெளியே வரும், டெல்லி வாய்ப்பும் கைவிட்டுப் போகும். தெரியாது என்றால் தப்பிக்கலாம்.

"ஆமா மேடம். எனக்குத் தமிழ் சரியா வராது."

"அதனால என்னம்மா, இவகிட்டயே கத்துக்கோ" என்றார் சத்தியவதி.

தேஜஸ்வினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள்.